தாழையூருக்குப் பசியில்லை

தாழையூரை அழிக்கத் தெக்லாவுக்கு ஒரு எண் போதுமாக இருந்தது.

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழுவதற்கு முன்பே அதை எழுதிவிட்டாள். கச்சான் எழுந்தால் கரையோர நீரோட்டம் வடக்கே திரும்பும். மணலும் அதோடு போகும். போகிற மணல் எந்த ஊரில் நிற்க வேண்டும், எந்த ஊரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதை இப்போது ஆமைகள் பார்த்துக்கொண்டன.

ஆமை என்பது மீனவர்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. அதைத் திறப்பு விழாக் கல்வெட்டில் மட்டும் படிக்கலாம். வண்டிச் சக்கரம் அளவுள்ள இயந்திரம், கடலடியில் ஊரும். முதுகில் ஒரு மடக்குக் கதவு. கதவை நிமிர்த்தினால் அடிநீர் தயங்கும், மணல் படியும். மடக்கினால் நீர் விரையும், மணலை வாரிக்கொண்டு போகும். ஓர் ஆமையால் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் ஒரு கடற்கரையையே ஆட்டு மந்தைபோல ஓட்டிக்கொண்டு போகலாம்.

ஆமைகளுக்கு ஊர் தெரியாது, சாதி தெரியாது, பகை தெரியாது. ஒவ்வொரு கரைக்கும் ஒரு எண் மட்டும் தெரியும். அந்தக் கரை பிழைத்திருக்க ஆண்டுக்கு எவ்வளவு மணல் வேண்டும் என்ற எண். ஆமைகளை இயக்கும் நிலையத்தில் அதைப் பசி என்பார்கள். பசிக்கு ஏற்ப மணலைப் பங்கிடுவது ஆமைகளின் வேலை. பசியைக் கணக்கிடுவது தலைமைப் பொறியாளர் தெக்லாவின் வேலை.

தாழையூரின் பசிக்கு நேராக அவள் பூஜ்யம் என்று எழுதினாள்.

முபாரக் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆமைகளுக்கு உத்தரவு அனுப்புவது அவர் பொறுப்பு.

"மேடம், கை தவறிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல."

"பூஜ்யம்னா ஒரு பிடி மண்ணு அங்க தங்காது. இருக்கிறதையும் வழிச்சுட்டுப் போயிரும். அந்த ஊரு என்ன, நோன்பு வச்சிருக்கா?"

"அவங்ககிட்ட தூண்டில் வளைவு இருக்கு. அது மணலைத் தானே பிடிச்சு வச்சுக்கும். வெளியிலேர்ந்து எதுவும் வேண்டாம். பக்கத்து ஊர் மணலை அது எடுக்கவும் எடுக்காது."

"இப்படி ஒரு அதிசயத்தை யார் சொன்னா?"

"அவங்களேதான். கோர்ட்ல. நிபுணரைக் கூட்டிவந்து சத்தியம் பண்ணிச் சொன்னாங்க. ஜட்ஜ் ஏத்துக்கிட்டாரு. தீர்ப்பு இன்னும் நிக்குது முபாரக். நான் அவங்க சொன்னதை நம்புறேன். அவ்வளவுதான்."

முபாரக் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். அவர் காயல்பட்டினத்துக்காரர். சிப்பிமுனை என்ற ஊர் எப்படிக் காணாமல் போனது என்று கேள்விப்பட்டவர். உத்தரவை அனுப்பினார்.

*

தாழையூர் தெற்கே, சிப்பிமுனை வடக்கே. நடுவில் ஒரு தாழம்புதர். திருவிழாவுக்கு ஒரே கொடிமரத்தை இரண்டு ஊரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போகும். பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள், கல்யாண வீட்டில் சண்டை போடுவார்கள், அடுத்த கல்யாணத்தில் சேர்ந்துகொள்வார்கள்.

தெற்கே எங்கோ ஒரு துறைமுகம் கட்டினார்கள். தாழையூர்க் கரை கரைந்தது. தாழையூர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், தடியடி வாங்கினார்கள். கடைசியில் அவர்களுக்குத் தூண்டில் வளைவு கிடைத்தது. கடலுக்குள் நீட்டி, நுனியில் தூண்டில் முள்போல வளைத்த கல் சுவர். அதற்காக முன்னால் நின்று போராடியவர் ஊர்த் தலைவர் சூசை மச்சாது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள்.

சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. தாழையூர்ப் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். சுவருக்கு வடக்கே சிப்பிமுனையின் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கடலைப் பார்த்துப் படுத்தன. பிறகு வலை காயப்போட்ட இடம் போனது. பிறகு முதல் வரிசை வீடுகள்.

படகு ஏற்ற மணல் இல்லாத ஊரில் கோயிலைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். ஒரு கச்சான் நாளில், இறங்க வேறு இடம் இல்லாமல், தெக்லாவின் அப்பா கஸ்பார் அந்தக் கல்லின்மேலேயே படகைக் கொண்டுவந்தார். அலை ஒரே தூக்காகத் தூக்கிப் போட்டது. ஊரே கரையில் நின்று பார்த்தது. தெக்லாவும் பார்த்தாள். அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு.

கஸ்பார் சிரிக்க வைக்கிற ஆள். வாலிபத்தில் லாரியிலிருந்து விழுந்து தொடை ஒடிந்து, பெரியாஸ்பத்திரியில் எலும்போடு தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. "அரசாங்க இரும்புளா. ஏழு ஓட்டை, ஆறு திருகாணி. ஒரு திருகாணிய கம்பவுண்டர் வித்துத் தின்னுட்டான். நான் செத்தா சாமியாருக்குச் சொல்லாதீங்க, பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்புங்க."

அவரைப் புதைத்த அன்று மாலை சிப்பிமுனை கோயில் முன்னால் கூடிச் சத்தியம் செய்தது. இனித் தாழையூரில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. அங்கே வாழப்போன பெண்கள் செத்தவர்கள் கணக்கு. தெக்லாவின் அக்கா செலஸ்தினாள் முந்தின வருஷம்தான் தாழையூரில் வாக்கப்பட்டிருந்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவளைக் கல்லறை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒரே மவதான்."

வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள். புறவழிச்சாலைப் பக்கம் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். கடல் கண்ணில் படாது, காதில் கேட்காது. காலியான ஊரைச் சுற்றிப் போலீஸ் தடுப்பு வைத்தது. தெக்லா சென்னையில் கடலோரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கல்லறைத் தோட்டம் போய்விட்டது. வந்து பார்த்தாள். மதில் இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவைக் கரையில் கொன்ற சுவர், புதைத்த பிறகும் விடவில்லை என்று நினைத்தாள்.

படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கினாள். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்தவர்கள் நன்றாகத்தான் படிப்பார்கள்.

*

திட்டத்தை ஊர் மக்கள் முன்னால் விளக்க வேண்டும் என்பது விதி. தாழையூர்க் கோயில் மண்டபத்தில் கூட்டம். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த மண்ணில் கால் வைத்தாள். கலர் பாட்டிலை உடைத்து நீட்டினார்கள். வேண்டாம் என்றாள். தேநீர் வந்தது. அதுவும் வேண்டாம் என்றாள். கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஆமைகளைப் பற்றிச் சொன்னாள். பின்வரிசையில் ஒருவன் கேட்டான்: "அது முட்டை போடுமா மேடம்? போட்டா எங்களுக்கு ரெண்டு குடுங்க." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு வரப்போகும் கரையின் படத்தைத் திரையில் போட்டாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். "இதுல எங்க கரை எங்க இருக்கு?"

"சுவருக்குள்ள. உங்க சுவர் மணலைப் பிடிச்சு வச்சுக்கும்னு கோர்ட்ல நிரூபிச்சிருக்கீங்க. அதனால அரசாங்கம் உங்களுக்குத் தனியா மணல் ஒதுக்கல."

"பிடிச்சு வைக்காட்டி?"

"அப்படின்னா கோர்ட்ல பொய் சொன்னோம்னு எழுதிக் குடுங்க. வழக்கைத் திரும்ப எடுக்கலாம். நஷ்ட ஈடு, தண்டனை எல்லாம் பேசலாம்."

சூசை மச்சாது முன்வரிசையில் இருந்தார். புருவம்கூட நரைத்துவிட்டது. காதில் கேட்கும் கருவி. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போதும் என்று அர்த்தம்.

கூட்டம் கலைந்து கார் பக்கம் போனபோது பின்னாலேயே வந்தார்.

"நீ கஸ்பாரு மவதான பிள்ள? மூக்கு அப்படியே இருக்கு."

"திட்டத்தைப் பத்தி எழுத்துல குடுங்க."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் தலைவரா இருக்கேன். இங்க பாரு. கரைய எடுத்துக்க. வலை வளைக்கிற எடத்தயும் எடுத்துக்க. அது ஒனக்கு நாங்க தர வேண்டியதுதான்னு வச்சுக்குவோம். கல்லறைய மட்டும் விட்டுரு."

தாழையூர்க் கல்லறை மணல்மேட்டின் ஓரத்தில் இருந்தது. வெள்ளைச் சிலுவைகள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றன.

"உங்க அம்மா அங்கயா?" என்று கேட்டாள். கேட்பதில் ஒரு ருசி இருந்தது.

"எங்கம்மாவும் இருக்கா. ஒங்கப்பனும் இருக்கான்."

தெக்லா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒங்க கல்லறையக் கடலு எடுக்குறதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம. தொழிலுக்குப் போகாத நாளு. ரெண்டு வள்ளத்துல போயி எடுத்தாந்தோம். ஒங்க ஊர்ல பொறந்து எங்க ஊர்ல வாக்கப்பட்ட பொம்பளைக ஒருத்தியும் அடுப்பு மூட்டல அந்த வாரம். எங்க அப்பனாத்தா எலும்பு மீனுக்குப் போனா நாங்களும் போறோம்னுட்டாளுக. என்ன செய்ய? போனோம். தோண்டினோம். எடுத்த வரைக்கும் எடுத்தோம். கடைசி வரிசையில பேரு எழுதாம வச்சிருக்கு."

"ஏன் பேரு எழுதல?"

"அப்ப கேஸு அப்பீல்ல கெடந்துச்சு. போலீசு தடுப்பு போட்ட எடத்துல பூந்து கல்லறையத் தோண்டிருக்கோம். பேரு எழுதி ஜெயிலுக்குப் போகச் சொல்லுதியா? நம்பலன்னா ஒங்கக்காட்டக் கேளு. அவதான் கடப்பாரையோட மொத வள்ளத்துல ஏறுனா."

தெக்லா சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே புதிதாக இருந்தது. "எங்கப்பாவ வச்சு எங்கிட்டயே யாவாரம் பண்ணுதீரா வே?"

பல வருஷமாகப் பேசாத பேச்சு தானாக வாயில் வந்துவிட்டது. காரில் ஏறினாள். மண்டப வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி முன்னே வந்து, "தெக்லா" என்றாள். குரல் அம்மாவின் குரல். தெக்லா கண்ணாடியை ஏற்றிவிட்டு டிரைவரிடம் போகச் சொன்னாள்.

நிலையத்தில் முபாரக்கிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாள். முபாரக்குக்கு வேடிக்கையாகப் படவில்லை.

"உங்கப்பா கால்ல தகடு இருந்துச்சுன்னு சொல்லிருக்கீங்களே. ஒரு ட்ரோனை அனுப்புறேன் மேடம். மண்ணுக்கு அடியில இரும்பு இருந்தாக் காட்டிரும். அரை மணி நேர வேலை."

"வேண்டாம்."

"தெரிஞ்சுக்கலாமே."

"பொய்யின்னு தெரியும். அதுக்கு எதுக்கு ட்ரோன்?"

கேட்டால் பதில் கிடைத்துவிடும். அதனால்தான் கேட்கவில்லை. இது அவளுக்கு அப்போது தெரியாமல் இல்லை.

*

முதல் கச்சானில் தாழையூர்க் கடற்கரை சரிந்தது. இரண்டாவது கச்சானில் செங்குத்தாக வெட்டுப்பட்டது. கிரிக்கெட் ஆடிய இடத்தில் அலை ஆடியது. தூண்டில் வளைவு மட்டும் கடலுக்கு நடுவே யாருக்கும் பயனில்லாமல் நின்றது. அது பிடித்து வைத்திருந்த இருபது வருஷ மணலை ஆமைகள் அதன் நுனியைச் சுற்றி, வளைவுக்கு வெளியே, வடக்கே ஓட்டிக்கொண்டு போயின.

சிப்பிமுனை எழுந்தது. முதலில் கடல் இறக்கத்தில் மட்டும் தெரியும் ஒரு திட்டு. பிறகு ஏற்றத்திலும் தெரிந்தது. பிறகு கோயில் கோபுரத்தின் மொட்டை அடித்தண்டைச் சுற்றி ஈர மணல். தெக்லா தினமும் படம் எடுத்தாள். அடுக்குமாடிக்குப் போய்க் காட்டினாள்.

"அழகா இருக்கு பிள்ள," என்றார் பழைய கோயில் கணக்கர். "அங்க பஸ் வருதா?"

அவர் மகன் ஆட்டோ ஓட்டினான். பேரன் நீச்சல் தெரியாதவன். அங்கே வந்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தாழையூர்க் கரை போயிருச்சுல்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அது போதும் அவளுக்கு. தெக்லாவுக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது.

கல்லறை மதில் சாய்ந்த அன்று சூசை மச்சாது போன் செய்தார்.

"பிள்ள, ஒரு வாரம் ஒன் ஆமையக் கட்டிப் போடு. எங்க ஆளுகள எடுத்துக்கிடுதோம். ஒங்க ஆளுகளயும் சேத்துத்தான்."

"கல்லறையத் தோண்ட கோட்டாட்சியர் அனுமதி வேணும். மனு குடுங்க."

"மனு போயி வர்றதுக்குள்ள மண்டையோடு மெதக்கும். அன்னைக்கி ஒங்க ஊர்ல நாங்க யாருட்டயும் கேக்கல."

"தெரியும். அதனாலதான் தடுப்பு போடச் சொல்லிருக்கேன். மண் சரியிற எடம். யாரும் கிட்டப் போகக் கூடாது."

மறுமுனையில் போனை யாரோ வாங்கினார்கள்.

"தெக்லா. நான் செலஸ். அப்பா கடைசி வரிசையில மூணாவது. ஒருக்கா வந்து..."

அழைப்பைத் துண்டித்தாள்.

அன்று மத்தியானமே மஞ்சள் நாடா கட்டினார்கள். சிப்பிமுனையில் கட்டியிருந்த அதே மஞ்சள். தாழையூர் அந்த நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று ஜெபமாலை சொன்னது. அந்தப் பக்கம் சிலுவைகள் ஒவ்வொன்றாகக் கடலைப் பார்த்துப் படுத்தன. நிலையத்தின் திரையில் தெக்லா அதைப் பார்த்தாள். சத்தத்தை மட்டும் குறைத்துவைத்தாள்.

*

ஆமைகளுக்கு வயிறு உண்டு. மணலோடு வரும் இரும்பு பல்சக்கரத்தைக் கெடுத்துவிடாமல் இருக்க, அதை உலோக உணரியால் கண்டு பிரித்து ஒரு தட்டில் ஒதுக்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை தட்டுகளை நிலையத்தில் கவிழ்ப்பார்கள். பெரும்பாலும் தூண்டில் முள், நங்கூரக் கொழு, ஆணி, சோடா மூடி.

அந்த வாரங்களில் வேறு பொருள்கள் வந்தன. சவப்பெட்டிக் கைப்பிடி. துருப்பிடித்த பாடுபட்ட சிலுவை. தெக்லா ஒரு சிலுவையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் பொறித்திருந்தது: செபஸ்தியாள் மச்சாது. சூசையின் அம்மா. அதைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்தாள். வெற்றி என்பது இந்தக் கனம்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அடுத்த தட்டு கவிழ்ந்தது. சிமெண்டு மேசையில் அது மற்றதைவிட வேறு மாதிரி ஒலித்தது.

ஒரு சாண் நீளத் தகடு. லேசாக வளைந்தது. திருகாணிகள் எலும்பை விட்டுக் கழன்றும் தகட்டை விட்டுக் கழலாமல் இருந்தன. முபாரக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆளை வெளியே போகச் சொன்னார்.

அவள் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை. கடைசி ஓட்டை காலியாக இருந்தது. கம்பவுண்டர் விற்றுத் தின்ற திருகாணி.

"எந்த ஆமை?" என்று கேட்டாள்.

"சிப்பிமுனைக்கு நேர் எதிர்ல நிக்கிறது."

அவள் உட்கார்ந்தாள். முபாரக் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்பதால் சொன்னார்.

"மேடம், இன்னொண்ணு. காலையிலேர்ந்து சிப்பிமுனையில படகு ஏறிக்கிட்டிருக்கு. தாழையூர்ப் படகுங்க. பொம்பளைங்க, சாமான் செட்டு, எல்லாம் வந்திருச்சு. அவங்களுக்கு வேற கரை இல்ல. இது காலியாக் கெடக்கு. போலீஸ் உங்க உத்தரவுக்குக் காத்திருக்காங்க."

"நான் போறேன்."

"பூஜ்யத்தை மாத்தணுமா? இப்ப நிறுத்தினாலும் போன மணல் திரும்பாது. திருப்பி ஓட்டலாம். ஆனா தாழையூர் நிறையணும்னா சிப்பிமுனை கரையணும். அதுல எல்லாமே திரும்பிப் போகும்." 'எல்லாமே' என்பதை மெதுவாகச் சொன்னார்.

"நான் வந்து சொல்றேன்."

*

வெயில் தாழ்ந்திருந்தது. கஸ்பாரின் படகு நொறுங்கிய கல் எல்லாம் மணலுக்கு அடியில் போய்விட்டது. அதன்மேல் தாழையூர்ப் படகுகள் வரிசையாக ஏறி நின்றன. தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மூன்று கல்லை வைத்துச் சோறு கொதித்தது. இந்தக் கரையை அவள் அங்குலம் அங்குலமாகக் கணக்குப் போட்டுக் கட்டினாள். முதல் ஆளாகக் குடியேறியிருந்தது தாழையூர்.

சூசை மச்சாது ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"எங்க போலீசு?"

"இது சிப்பிமுனை."

"தெரியும். நாங்க கேக்காம வந்தோம். மணலு போற எடத்துக்குத்தான வள்ளம் போவும். மணல நீதான் இங்க கொண்டாந்த." கையில் ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் விட்டார். "எங்கம்மாவும் இதுலதான் கெடக்கா. எந்தப் பக்கம்னு தெரியல. அதான் எங்கயும் ஆணி அடிக்கல. கயித்தால கட்டிருக்கோம். கல்லற இருக்க எடந்தான பிள்ள ஊரு? கேஸு போடு. ஆமைதான் கொண்டாந்து எங்கள இங்க வச்சிச்சுன்னு சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். இந்தத் தடவ உண்மையாவே."

தெக்லா பையிலிருந்து சிலுவையை எடுத்துக் கொடுத்தாள். அவர் திருப்பிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

செலஸ்தினாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். தலை முழுக்க நரை. கையில் சொம்பு. தங்கை முன்னால் வந்து நின்று நீட்டினாள்.

தெக்லாவின் கை எழவில்லை.

"இது தாழையூரு இல்ல," என்றாள் செலஸ். "குடி."

வாங்கினாள். ஒரு மிடறு குடித்தாள். குடித்த பிறகுதான் தொண்டை எவ்வளவு காய்ந்திருந்தது என்று தெரிந்தது. பையைத் திறந்து தகட்டை எடுத்தாள். செலஸ் அதை வாங்கி, பார்க்காமலே, விரலால் தடவிக் காலி ஓட்டையைக் கண்டுபிடித்தாள். விரலை அதிலேயே வைத்துக்கொண்டாள்.

அழுவாள் என்று தெக்லா எதிர்பார்த்தாள். அடிப்பாள் என்றும் எதிர்பார்த்தாள். இரண்டையும் தாங்கிக்கொள்ளலாம்.

"தண்ணி குடிச்சிட்டல்லா," என்றாள் செலஸ். "இனி என் பேச்சு ஒனக்குக் கேக்கும். செத்தவ பேசுதான்னு சொல்ல முடியாது. நின்னு கேளு. கடைசி வரிசையில யார் யார வச்சோம்னு சொல்லுதேன். கஸ்பாரு."

நிறுத்தினாள். தெக்லா தலையசைக்கும்வரை அடுத்த பெயரைச் சொல்லவில்லை.

"அவர் ஆத்தா லூசியாள்."

பின்னால் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்தாள். தெக்லாவுக்கு அந்த முகம் தெரிந்தது. சிப்பிமுனைப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள். "எங்கய்யா, சம்மாட்டி இன்னாசி," என்றாள்.

இன்னொருத்தி தார்ப்பாயிலிருந்து வந்தாள். "எங்கக்கா மெற்றில்டா. பேறுகாலத்துல போனவ. அவ பிள்ளையும். பேரு வைக்கல."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். செத்தவர்கள் கணக்கில் எழுதப்பட்ட பெண்கள். எந்தக் குரலிலும் கோபம் இல்லை. கோயிலில் மன்றாட்டு மாலை சொல்வதுபோல, ஒரு பெயர், ஒரு நிறுத்தம், அடுத்த பெயர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் தலையசைக்கக் காத்திருந்தார்கள். அசைத்தால்தான் அடுத்தது வந்தது.

பையில் போன் அதிர்ந்தது. முபாரக். கடலடியில் ஆமைகள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தன. தாழையூரின் பசி இன்னும் பூஜ்யம்தான். ஒரு சொல் சொன்னால் நிறுத்திவிடுவார். என்ன சொல் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கையில் சொம்பு கனத்தது. காலுக்கடியில் மணல் இளகிக் கொடுத்தது. எங்கே கால் வைத்து நிற்பது என்று பார்த்தாள். நிற்க வேறு இடம் இல்லை.

"சொல்லு," என்றாள் தெக்லா.

அடுத்த பெயரைச் சொன்னார்கள்.